அப்டேட் தாமதமானாலும் ஆண்ட்ராய்டிலேயே தொடர்வது எப்படி?

ஆண்ட்ராய்டு 16 பிக்சல் போன்களுக்கு 2025 ஜூனில் வந்தது. அதே ஜூனில் கடைகளில் பெட்டி பிரிக்காமல் இருந்த பல போன்களில் 14-தான் இருந்தது. முதல் ஆண்ட்ராய்டு போன் விற்பனைக்கு வந்த 2008-க்குப் பிறகு இந்த இடைவெளி சுருங்கியிருக்கிறதே தவிர, மறையவில்லை. அதற்காக ஐபோனுக்கு மாறத்தான் வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. ஆனால் கம்பெனி அனுப்பும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதும் சரியல்ல. ‘அப்டேட்’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது ஆண்ட்ராய்டில் நான்கு தனித்தனி வழிகளில் போனுக்குள் வருகிறது: புதிய ஆண்ட்ராய்டு பதிப்பு, பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் மாதாந்திர செக்யூரிட்டி பேட்ச், கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட், பிளே ஸ்டோர் வழியாக வரும் ஆப்கள். முதல் இரண்டுக்குத்தான் கம்பெனியின் தயவு தேவை. மற்ற இரண்டையும் இன்று இரவே நீங்களே சரிசெய்துவிடலாம்.

முதல் வேலை: மூன்று விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்

செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ போய், அதில் ‘ஆண்ட்ராய்டு வெர்ஷன்’ என்ற வரியைத் தொடுங்கள். சாம்சங்கில் ‘சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்’ என்று இருக்கும். சில போன்களில் இந்த விவரங்கள் வேறு இடத்தில் ஒளிந்திருக்கும். அப்போது செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் ‘செக்யூரிட்டி அப்டேட்’ என்று தேடினால் கிடைத்துவிடும். எழுதிக்கொள்ள வேண்டியவை: ஆண்ட்ராய்டு பதிப்பு எண், செக்யூரிட்டி அப்டேட் தேதி, கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட் தேதி.

இவற்றில் பலரும் பார்ப்பது முதல் எண்ணை மட்டும். பாதுகாப்பு என்று வரும்போது அதிகம் பேசுவது இரண்டாவது. ஆண்ட்ராய்டு 14-இல் இருந்தாலும் போன மாத பேட்ச் உள்ள போன், ஆண்ட்ராய்டு 15 வாங்கிவிட்டு எட்டு மாதமாக பேட்ச் இல்லாமல் கிடக்கும் போனைவிட நல்ல நிலையில் இருக்கிறது.

அந்தத் தேதியைப் படிக்கவும் ஒரு முறை உண்டு. அது மாதத்தின் 1 அல்லது 5 என்று முடியும். 1 என்றால் ஆண்ட்ராய்டின் பொதுவான பாகங்களில் உள்ள ஓட்டைகள் அடைபட்டிருக்கின்றன என்று பொருள். 5 என்றால் அவற்றோடு கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), சிப் தயாரிப்பாளரின் டிரைவர் (சிப்பை இயக்கும் நிரல்) போன்ற வன்பொருள் சார்ந்த திருத்தங்களும் சேர்ந்திருக்கின்றன. அப்டேட் வந்த நாள் வேறு, இந்தத் தேதி வேறு என்பதையும் கவனியுங்கள். அக்டோபரில் இறங்கிய அப்டேட்டில் ஆகஸ்ட் பேட்ச் இருப்பது சாதாரணம்.

தேதி எவ்வளவு பழையதாக இருந்தால் கவலைப்பட வேண்டும்? எங்கள் அளவுகோல் இது. மூன்று மாதத்துக்குள் என்றால் நிம்மதியாக இருக்கலாம். மூன்று மாதத்தைத் தாண்டினால் கீழே சொல்லும் அடைப்பு வேலைகளைச் செய்யுங்கள். ஒரு வருடம் தாண்டினால் அந்தப் போனில் வங்கி வேலை வேண்டாம். ஒரு வருடம் என்பது சும்மா சொன்ன கணக்கு அல்ல. வங்கி ஆப்கள் போனின் நம்பகத்தன்மையைச் சோதிக்கப் பயன்படுத்தும் ‘பிளே இன்டெக்ரிட்டி’ ஏற்பாட்டில் மிக உயர்ந்த தரம் என்று ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு 13-உம் அதற்கு மேற்பட்டதும் உள்ள போன்களுக்கு அந்தத் தரம் கிடைக்க, கடந்த 12 மாதத்துக்குள் பேட்ச் பெற்றிருக்க வேண்டும் என்பது 2025 மே முதல் விதி. உங்கள் வங்கி ஆப் அந்தத் தரத்தைக் கேட்கத் தொடங்கினால், பழைய பேட்ச் உள்ள போனில் ஆப் திறக்காது.

கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ‘ஆண்ட்ராய்டு 13, 14, 15 பயனர்களுக்கு எச்சரிக்கை’ என்று அவ்வப்போது அறிவிப்பு வெளியிடும். அது செய்தியாகி, குடும்ப வாட்ஸ்அப் குழு வரை வந்து எல்லோரையும் பதறவைக்கும். பதற வேண்டாம். அந்த அறிவிப்பு எந்த மாத பேட்சைப் பற்றியது என்று பாருங்கள். உங்கள் போனின் தேதி அதே மாதமோ அதற்குப் பிந்தையதோ என்றால் விஷயம் முடிந்தது.

தாமதம் எங்கே உண்டாகிறது

கூகுள் புதிய ஆண்ட்ராய்டின் மூல நிரலை வெளியிட்டதும் அது நேராகப் போனுக்கு வருவதில்லை. குவால்காம், மீடியாடெக், யுனிசாக் போன்ற சிப் கம்பெனிகள் தங்கள் சிப்புக்கு ஏற்ற டிரைவர்களைத் தயார் செய்ய வேண்டும். பிறகு போன் கம்பெனி தன் தோற்றத்தையும் வசதிகளையும் அதன்மேல் ஏற்ற வேண்டும். சில நாடுகளில் தொலைத்தொடர்பு நிறுவனமும் சோதித்துச் சம்மதிக்க வேண்டும். கடைசியில் அனுப்பும்போதும் முதலில் சிறு பங்கு போன்களுக்கு அனுப்பி, கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகே மற்றவர்களுக்கு விடுவார்கள். உங்கள் நண்பருக்கு வந்த அப்டேட் அதே மாடல் வைத்திருக்கும் உங்களுக்கு இரண்டு வாரம் கழித்து வருவது இதனால்தான்.

2017-இல் ஆண்ட்ராய்டு 8-உடன் வந்த ‘ட்ரெபிள்’ என்ற மாற்றம் முதல் முடிச்சைத் தளர்த்தியது. சிப் சார்ந்த பாகத்தையும் ஆண்ட்ராய்டு பாகத்தையும் பிரித்துவிட்டதால், ஒவ்வொரு பதிப்புக்கும் டிரைவர்களை முதலிலிருந்து எழுத வேண்டிய நிலை மாறியது. ஆனாலும் சிப் கம்பெனி ஆதரவை நிறுத்திவிட்டால் போன் கம்பெனியால் அதிகம் செய்ய முடியாது. 2025 பிப்ரவரியில் குவால்காமும் கூகுளும், ஸ்னாப்டிராகன் 8 எலீட் தொடங்கி, 8 ஆண்டு வரை அப்டேட் கொடுக்க வழிசெய்யும் ஆதரவை அறிவித்தன. அந்த ஆதரவை முழுதாகப் பயன்படுத்துவதா என்பது போன் கம்பெனியின் முடிவு.

மாதாந்திர பேட்ச் வேறு பாதை. 2015-இல் ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ என்ற ஓட்டை வெளியானது. ஒரு எம்எம்எஸ் வந்தாலே போதும், வீடியோவைக் கையாளும் பாகத்தின் வழியாகப் போனுக்குள் நுழைய முடியும் என்ற நிலை. அந்த ஆகஸ்ட் முதல்தான் கூகுள் மாதந்தோறும் பாதுகாப்பு அறிக்கை வெளியிடத் தொடங்கியது. அறிக்கை வெளியாவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே கம்பெனிகளுக்கு விவரம் போய்விடுகிறது. ஆகவே இரண்டு மூன்று மாதம் பேட்ச் வராமல் இருந்தால், நேரம் போதவில்லை என்பதைவிட, அந்த மாடலுக்கு ஆள் ஒதுக்கவில்லை என்றே நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கம்பெனியின்மேல் கோபப்படாதீர்கள். 2025 ஜூலை அறிக்கையில் திருத்தம் எதுவும் இல்லை. ஆபத்து அதிகமுள்ளவற்றை உடனே கொடுத்துவிட்டு, மற்றவற்றை மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களில் மொத்தமாகத் தருவது என்ற பழக்கத்துக்கு கூகுள் நகர்ந்துவிட்டது. இடையில் ஒரு மாதம் தவறியதைவிட, இந்த நான்கு மாதங்களின் பேட்ச் வந்துசேர்ந்ததா என்று பார்ப்பதே இப்போது பயனுள்ளது.

கம்பெனியைக் கேட்காமலே செய்யக்கூடியவை

2019-இல் ஆண்ட்ராய்டு 10-உடன் கூகுள் ‘மெயின்லைன்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இயங்குதளத்தின் சில பாகங்களைத் தனித்தனிப் பொட்டலங்களாகப் பிரித்து, போன் கம்பெனியைத் தொடாமல் பிளே ஸ்டோரின் பாதையிலேயே மாற்றும் முறை இது. வீடியோ, ஒலிக் கோப்புகளைக் கையாளும் பாகம் அதில் ஒன்று. ஸ்டேஜ்ஃபிரைட் புகுந்த அதே இடம் இப்போது கம்பெனி தூங்கினாலும் திருத்தம் பெறும். ஆண்ட்ராய்டு 12 முதல் ஆப்களை இயக்கும் ஏஆர்டி என்ற இயந்திரமும் இதில் சேர்ந்தது. ஆண்ட்ராய்டு 14 முதல் இணையதளங்களைச் சரிபார்க்கும் வேர்ச் சான்றிதழ்களும் இவ்வழியே வருகின்றன.

இதை இறக்க: செட்டிங்ஸ், ‘செக்யூரிட்டி அண்ட் பிரைவசி’, அதில் ‘சிஸ்டம் அண்ட் அப்டேட்ஸ்’, அதில் ‘கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்’. தொட்டதும் தேடும், இருந்தால் இறக்கும். பலர் தவறவிடுவது இதற்கு அடுத்த படியை. போனை ரீஸ்டார்ட் செய்தால்தான் புதிய பாகங்கள் நடைமுறைக்கு வரும். மாதக்கணக்கில் போனை அணைக்காதவர்களின் போனில் இந்த அப்டேட் இறங்கி, பயன்படாமல் காத்துக்கிடக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்வதைப் பழக்கமாக்குங்கள். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு அதே பக்கத்தைத் திரும்பத் திறந்து இன்னொரு முறை தேடுங்கள். மிகப் பழைய தேதியில் நின்றிருந்த போன்கள் சில நேரம் இரண்டு மூன்று சுற்றில்தான் முன்னேறும்.

அடுத்து பிளே ஸ்டோர். மேலே வலப்பக்கம் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, ‘மேனேஜ் ஆப்ஸ் அண்ட் டிவைஸ்’ போய், எல்லாவற்றையும் அப்டேட் செய்யுங்கள். பிறகு ‘ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ’, ‘குரோம்’ இரண்டையும் பெயர் சொல்லித் தேடி, அப்டேட் பொத்தான் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஆப்புக்குள்ளேயே இணையப் பக்கம் திறக்கும்போதெல்லாம் வேலை செய்வது வெப்வியூ. செய்தி ஆப், ஷாப்பிங் ஆப், வங்கி ஆப்பின் பணம் செலுத்தும் பக்கம் எல்லாம் அதன் கையில். 2014-இன் ஆண்ட்ராய்டு 5 முதலே அது இயங்குதளத்திலிருந்து பிரிந்து ஸ்டோருக்கு வந்துவிட்டது. குரோமையும் வெப்வியூவையும் புதிதாக வைத்திருப்பது, பழைய ஆண்ட்ராய்டில் இருப்பவர் தனக்குச் செய்துகொள்ளக்கூடிய மிகப் பெரிய உதவி. இணையத்திலிருந்து வரும் அழுக்கு முதலில் தொடுவது அவற்றைத்தான்.

பின்னணியில் ஓடும் கூகுளின் ‘பிளே சர்வீசஸ்’ ஆப் தானாகவே மாறிக்கொள்ளும். அது கொண்டுவரும் வசதிகளைப் பலர் கவனிப்பதில்லை. போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால் திரையைப் பூட்டும் திருட்டுப் பாதுகாப்பு ஆண்ட்ராய்டு 10-க்கே வந்தது. செட்டிங்ஸில் ‘கூகுள்’ பகுதிக்குள் ‘தெஃப்ட் புரொடெக்‌ஷன்’ என்று தேடி இயக்கிவையுங்கள். நெடுநாள் திறக்காத ஆப்களின் அனுமதிகளைத் தானாகப் பறிக்கும் வசதி ஆண்ட்ராய்டு 11-இல் அறிமுகமாகி, பிறகு பிளே சர்வீசஸ் வழியாக ஆண்ட்ராய்டு 6 வரை பின்னோக்கிக் கொடுக்கப்பட்டது.

இந்தப் பாதைக்கும் எல்லை உண்டு. ஆண்ட்ராய்டு 8, 9 இரண்டுக்கும் குரோம் 138-தான் கடைசி. 2025 ஆகஸ்டில் வந்த 139 முதல் ஆண்ட்ராய்டு 10 தேவை. ஆண்ட்ராய்டு 4.4-க்கு பிளே சர்வீசஸ் 2023-இலேயே நின்றுவிட்டது. வாட்ஸ்அப்பும் ஆண்ட்ராய்டு 4.4-ஐக் கைவிட்டுவிட்டது. அதைவிடச் சத்தமில்லாத முடிவு ஒன்றும் உண்டு. ஏராளமான இணையதளங்கள் பயன்படுத்தும் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ சான்றிதழின் புதிய வேர், ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களின் பட்டியலில் கிடையாது. அவற்றுக்காக வைத்திருந்த மாற்று வழியும் 2024 செப்டம்பர் 30-உடன் காலாவதியானது. அதன்பின் அத்தகைய போன்களில் பல தளங்கள் ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்று சொல்லி நிற்கும். தேதி, நேரம் சரியாக இருந்தும் இப்படி வந்தால் கோளாறு தளத்தில் இல்லை, போனின் வயதில் இருக்கிறது.

கம்பெனி அனுப்பியதை ஒழுங்காகப் பெறுவது

போன் தானாகச் சொல்லும் என்று காத்திருக்காமல் மாதம் ஒருமுறை நீங்களே தேடுங்கள். சாம்சங்கில் செட்டிங்ஸின் கீழ்ப்பகுதியில் ‘சாஃப்ட்வேர் அப்டேட்’, அதில் ‘டவுன்லோட் அண்ட் இன்ஸ்டால்’. பிக்சலில் ‘சிஸ்டம்’ பகுதிக்குள். ஷாவ்மியில் ‘அபவுட் போன்’ பக்கத்தில் பதிப்பு எண் உள்ள பெட்டியைத் தொட வேண்டும். மற்றவற்றில் ‘சிஸ்டம் அப்டேட்’ என்று தேடினால் போதும்.

தொடங்கும் முன் பேட்டரி 50 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும், போன் சார்ஜரில் இருந்தால் இன்னும் நல்லது. காலி இடம் 8 முதல் 10 ஜிபி வையுங்கள். இடம் போதாமல் அப்டேட் பாதியில் நிற்பதுதான் மிகச் சாதாரணமான தோல்வி. வாட்ஸ்அப்பில் குவிந்த காலை வணக்க வீடியோக்களை ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ பகுதியில் பெரியதிலிருந்து வரிசைப்படுத்தி அழித்தாலே பல ஜிபி கிடைத்துவிடும். பிறகு பேக்கப்: கூகுள் பேக்கப் ஒன்று, வாட்ஸ்அப்பின் தனி பேக்கப் ஒன்று. வாட்ஸ்அப் பேக்கப் இப்போது உங்கள் கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபிக்குள்தான் கணக்காகிறது. அந்த இடம் நிரம்பியிருந்தால் பேக்கப் பல மாதம் முன்பே நின்றுபோயிருக்கலாம். கடைசி பேக்கப் தேதியைப் பார்த்த பிறகே மேலே போங்கள்.

புதிய போன்கள் பெரும்பாலும் ‘ஏ/பி’ முறையில் அப்டேட் ஆகும். நீங்கள் போனைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே பின்னால் இரண்டாவது பகுதியில் புதியது எழுதப்பட்டு, ரீஸ்டார்ட்டில் அதற்கு மாறும். புதியது எழும்பாவிட்டால் பழையதற்கே தானாகத் திரும்பிவிடும். அதனால் ‘அப்டேட் செய்தால் போன் செத்துவிடும்’ என்ற பழைய பயம் இவற்றுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. திரும்பிப் போவது வேறு விஷயம். புதிய பதிப்பு பிடிக்கவில்லை என்று பழையதற்கு இறங்குவதைப் பல போன்கள் பூட்லோடரிலேயே (போனை இயக்கும்போது முதலில் ஓடும் நிரல்) தடுக்கின்றன. பிக்சல் 6 வரிசை ஆண்ட்ராய்டு 13-க்குப் போனபின் 12-க்குத் திரும்ப முடியாமல் போனது இப்படித்தான். எனவே பெரிய பதிப்பு மாற்றம் என்றால் முதல் இரண்டு வாரம் பொறுத்து, அதே மாடல் வைத்திருப்பவர்கள் பேட்டரி, கேமரா, சிக்னல் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். மாத பேட்சுக்கு இந்தப் பொறுமை வேண்டாம், வந்த அன்றே போடுங்கள்.

பெரிய அப்டேட்டுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் போன் சூடாவதும் சார்ஜ் வேகமாக இறங்குவதும் இயல்பு. ஆப்களைப் புதிய பதிப்புக்கு ஏற்ப மறுபடி தயார் செய்யும் வேலை பின்னால் ஓடுகிறது. ஒரு வாரம் கழித்தும் தொடர்ந்தால், பேட்டரி பக்கத்தில் எந்த ஆப் தின்கிறது என்று பார்த்து அதை நீக்கிப் போடுங்கள்.

அப்டேட்டை விரைவாக வரவழைக்க ‘கூகுள் சர்வீசஸ் ஃபிரேம்வொர்க்’ ஆப்பின் தரவை அழியுங்கள் என்று ஒரு பழைய குறிப்பு இன்னும் சுற்றுகிறது. செய்யாதீர்கள். அதை அழித்தால் கூகுளிடம் உங்கள் போனுக்கு இருக்கும் அடையாள எண் மாறிவிடும். அந்த எண்ணை நம்பி இயங்கும் ஆப்களுக்கு நோட்டிஃபிகேஷன் வராமல் போகும். வரிசையில் முன்னால் போகவும் முடியாது.

பேட்ச் வரவே வராது என்று தெரிந்தபின்

ஒரு காலம் வரும்: கம்பெனி நிறுத்திவிட்டது, புதுப் போன் வாங்க ஆறேழு மாதம் ஆகும். அந்த இடைவெளியைக் கடப்பதற்கு இவை.

பிளே ஸ்டோருக்கு வெளியே வரும் ஆப் கோப்புகளான ஏபிகேக்களைத் தொடாதீர்கள். இந்தியாவில் கல்யாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராதச் சலான் என்றும், வங்கி கேஒய்சி என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகேக்கள் எஸ்எம்எஸ்களைத் திருடி ஓடிபியை வெளியே அனுப்புகின்றன. இதற்கு இயங்குதள ஓட்டை எதுவும் தேவையில்லை. நீங்கள் கொடுக்கும் அனுமதியே போதும், நேற்று வாங்கிய போனிலும் இது நடக்கும். செட்டிங்ஸில் ‘இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்’ என்று தேடி, வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் உட்பட எல்லாவற்றுக்கும் அனுமதி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் ‘அக்சசிபிலிட்டி’ பக்கத்தில் நீங்கள் நிறுவாத எதுவும் இயக்கத்தில் இருக்கக் கூடாது. அந்த அனுமதி பெற்ற ஆப் உங்கள் திரையைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் செய்யும். வீட்டில் பெரியவர்கள் கையில் பழைய போன் இருந்தால், முதலில் உட்கார்ந்து செய்து கொடுக்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

புளூடூத் தேவையில்லாதபோது அணைத்து வையுங்கள். 2020 பிப்ரவரியில் அடைபட்ட ஒரு ஓட்டை வழியாக, ஆண்ட்ராய்டு 8, 9 போன்களுக்குள் பக்கத்தில் நிற்பவர் புளூடூத் மூலம் நுழைய முடிந்தது. அந்த பேட்ச் கிடைக்காத போன்களில் அது இன்றும் திறந்தே கிடக்கிறது.

சிம் அமைப்பில் ‘அலவ் 2ஜி’ என்ற பொத்தான் இருந்தால் அணைத்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12-இலிருந்து சில போன்களில் இது உண்டு. போலி டவர் வைத்து மோசடி எஸ்எம்எஸ் அனுப்புபவர்கள் போனை 2ஜிக்கு இறக்கித்தான் காரியம் சாதிக்கிறார்கள். ஜியோவில் 2ஜியே இல்லை என்பதால் அணைப்பதால் இழப்பு எதுவும் இல்லை. ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் வைத்திருப்பவர்களுக்கு 4ஜி பலவீனமான ஊரில் அழைப்பு கிடைக்காமல் போகலாம், அங்கே மறுபடி இயக்கிக்கொள்ளுங்கள். அவசர அழைப்புகளை இந்தப் பொத்தான் தடுக்காது.

அடைக்கவே முடியாத இடங்களும் இருக்கின்றன என்பதை மறைக்க மாட்டோம். 2023 மார்ச்சில் ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு, சாம்சங் எக்ஸினோஸ் மோடம்களில் (போனை நெட்வொர்க்கோடு இணைக்கும் சிப்) 18 ஓட்டைகள் இருப்பதாக அறிவித்தது. அவற்றில் நான்கு, போன் எண் தெரிந்தாலே தூரத்திலிருந்து தாக்க இடம் கொடுத்தவை. பேட்ச் வரும்வரை வைஃபை காலிங்கையும், 4ஜி வழியாகப் பேசும் விஓஎல்டிஇயையும் நிறுத்தச் சொன்னார்கள். ஜியோவில் விஓஎல்டிஇயை நிறுத்தினால் சாதாரண அழைப்பே கிடையாது. மோடமில் உள்ள ஓட்டையை பிளே ஸ்டோரால் திருத்த முடியாது, கம்பெனி பேட்ச் ஒன்றே மருந்து. மேலே ஒரு வருடம் என்று எல்லை வைத்ததற்கு இதுவும் காரணம்.

லீனியேஜ்ஓஎஸ் பாதை: யாருக்கு, யாருக்கு வேண்டாம்

கம்பெனி கைவிட்ட போனுக்கு மறுவாழ்வு கொடுக்கும் வழி இது. கம்பெனியின் மென்பொருளுக்குப் பதிலாக நாமே போனில் ஏற்றக்கூடிய, தன்னார்வலர்கள் உருவாக்கும் ஆண்ட்ராய்டுதான் லீனியேஜ்ஓஎஸ். அதே மாதிரியான சயனோஜென்மாட் 2016 டிசம்பரில் மூடப்பட்டபோது அதன் தொடர்ச்சியாகப் பிறந்தது. முதலில் அதன் அதிகாரபூர்வப் பட்டியலில் உங்கள் போன் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பனைப் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இரண்டு மூன்று வேறுபட்ட சிப் இருக்கலாம், ஆகவே மாடல் எண் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். தவறான கோப்பை ஏற்றினால் போன் எழும்பாது.

அதன்பின் பூட்லோடரைத் திறக்க வேண்டும். ‘பில்டு நம்பர்’ மேல் ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் தோன்றும், அதில் ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ இருக்கிறதா என்று பாருங்கள். பல கம்பெனிகள் இதை அனுமதிப்பதே இல்லை, அப்படியானால் பாதை இங்கேயே முடிகிறது. திறக்கும் நொடியில் போனில் உள்ள எல்லாம் அழியும். சாம்சங்கில் நாக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டின் மின்உருகி நிரந்தரமாக எரிந்துவிடும். பிறகு பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றினாலும் செக்யூர் ஃபோல்டர், சாம்சங் வாலட் போன்றவை வேலை செய்யாது.

பூட்லோடர் திறந்த போனை பிளே இன்டெக்ரிட்டி நம்பாது. பல வங்கி ஆப்களும் சில யுபிஐ ஆப்களும் மறுக்கும். படம் பார்க்கும் தளங்கள் ஹெச்டி தராமல் போகலாம். இந்தச் சோதனையை ஏமாற்றும் மாட்யூல்களைப் போட்டு ஓட்டுபவர்கள் உண்டு, ஆனால் பணம் புழங்கும் போனில் அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். இன்னொன்று: லீனியேஜ்ஓஎஸ்ஸின் ‘டிரஸ்ட்’ பக்கத்தில் இரண்டு பேட்ச் தேதிகள் காட்டும். ஆண்ட்ராய்டு பாகத்துக்கான தேதி புதிதாக இருக்கும். சிப் சார்ந்த பாகத்துக்கானது, கம்பெனி கடைசியாகக் கொடுத்த நாளிலேயே நிற்கும். இரண்டாவது போனுக்கும், வீட்டில் பாட்டு கேட்க, பிள்ளைகள் படிக்க வைத்திருக்கும் போனுக்கும் இது அருமையான ஏற்பாடு. சம்பளம் வந்து விழும் கணக்கோடு இணைந்த போனுக்கு வேண்டாம்.

அடுத்த போனை வாங்கும்போது

ஆண்ட்ராய்டில் தொடர்வதன் பெரிய சௌகரியம், கம்பெனியை மாற்றினாலும் வீடு மாற்றிய மாதிரி ஆகாது என்பதே. காசு கொடுத்து வாங்கிய ஆப்கள் கூகுள் கணக்கோடு வரும், தொடர்புகளும் படங்களும் அப்படியே. ஏமாற்றிய கம்பெனியிடம் விசுவாசம் காட்ட வேண்டியதில்லை.

பெட்டியில் ‘4 ஆண்டு அப்டேட்’ என்று இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி: எந்த நாளிலிருந்து நான்கு? பெரும்பாலும் மாடல் அறிமுகமான நாளிலிருந்து. அறிமுகமாகி ஒன்றரை ஆண்டு ஆனபின் தள்ளுபடியில் வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டரை ஆண்டுதான். விலையை மீதமுள்ள ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். 15,000 ரூபாய் போனுக்கு இரண்டு ஆண்டு மிச்சம் என்றால் ஆண்டுக்கு 7,500. 24,000 ரூபாய் போனுக்கு ஐந்து ஆண்டு மிச்சம் என்றால் ஆண்டுக்கு 4,800. விலை குறைந்தது எது என்பது இப்போது மாறிவிடும்.

பிக்சல் 8 வரிசை 2023 அக்டோபரிலும், கேலக்ஸி எஸ்24 வரிசை 2024 ஜனவரியிலும் ஏழு ஆண்டு என்ற உறுதியைக் கொண்டுவந்தன. குறைந்த விலையில் கேலக்ஸி ஏ16 5ஜிக்கு ஆறு ஆண்டு. ஆனால் ஆண்டுக் கணக்கோடு இடைவெளியையும் பாருங்கள். சாம்சங் தன் பாதுகாப்புத் தளத்தில் எந்த மாடலுக்கு மாதாமாதம், எதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எதற்கு ஆண்டுக்கு இருமுறை என்று பட்டியல் போட்டிருக்கிறது. வயதாக ஆக மாடல்கள் கீழ்ப் பட்டியலுக்கு இறங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடப்புக்கு வந்த விதி, விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது 5 ஆண்டு அப்டேட் கிடைக்க வேண்டும் என்கிறது. அந்த விதி இங்கே செல்லாது. என்றாலும் அங்கேயும் விற்கும் மாடலுக்குக் கம்பெனி எப்படியும் உழைத்தாக வேண்டும் என்பதால், வேறு எல்லாம் சமமாக இருந்தால் அத்தகைய மாடலையே எடுங்கள்.

நீண்ட உறுதியும் குறைந்த ரேமும் சேர்ந்து வந்தால் நம்பாதீர்கள். ஐந்தாண்டு ஓட்ட 8 ஜிபி ரேம், 128 ஜிபி சேமிப்பு வேண்டும். சேமிப்புச் சிப் மெதுவான இஎம்எம்சி வகையா, வேகமான யுஎஃப்எஸ் வகையா என்று விவரப் பட்டியலில் பார்த்து யுஎஃப்எஸ் உள்ளதை எடுங்கள். இஎம்எம்சி மூன்றாவது ஆண்டிலேயே தவழத் தொடங்கும், அதன்பின் அப்டேட் வந்தும் பயனில்லை. மூன்று ஆண்டில் பேட்டரி தளரும்போது மாற்றிக்கொள்ள உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பதும் இதே கணக்கில் சேரும்.

பழைய போனிலிருந்து விடைபெறும்போது வரிசை முக்கியம். முதலில் புதிய போனில் யுபிஐயைத் தொடங்குங்கள். வங்கியில் பதிவான சிம் அந்தப் போனில் இருந்து, அதிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போனால்தான் பதிவாகும் என்பதால், எஸ்எம்எஸ் அனுப்பச் சிம்மில் பேலன்ஸ் இருக்கட்டும். ஆதென்டிகேட்டர் ஆப்பில் உள்ள லாகின் குறியீடுகளைப் புதிய போனுக்கு மாற்றி, அவை வேலை செய்வதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்கள் வந்துசேர்ந்ததா என்று பாருங்கள். இவை முடிந்த பிறகே பழைய போனின் செட்டிங்ஸில் போய்க் கூகுள் கணக்கை நீக்கி, அதன்பின் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். கணக்கை நீக்காமல் ரெகவரி (செட்டிங்ஸுக்குள் போகாமலே ரீசெட் செய்யும் மெனு) வழியாக அழித்தால், அடுத்து வாங்குபவரிடமோ உங்கள் பிள்ளையிடமோ அந்தப் போன் உங்கள் பழைய கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொண்டு நிற்கும்.